கேள்வியின் பெயரில் ஒரு கோப்பு

நிரல்மொழி ஒன்றைக் கற்கத் தொடங்கிய எவரிடமும் சில மாதங்களுக்குள் இரண்டு சேகரிப்புகள் வளர்ந்துவிடும். படித்தவற்றைத் தம் சொற்களில் எழுதிவைத்த குறிப்புகள் ஒருபுறம். படித்ததை முயன்று பார்ப்பதற்காக எழுதிய சிறு நிரல்கள் மறுபுறம். பெரும்பாலும் இவை வெவ்வேறு இடங்களில் இருக்கும். குறிப்புகள் நோட்டுப் புத்தகத்திலோ கைப்பேசிச் செயலியிலோ சேரும். நிரல்கள் ‘சோதனை 1’, ‘சோதனை 2’, ‘புதியது’ என்பன போன்ற பெயர்களோடு கணினியில் கிடக்கும். எழுதிவைத்த விதி இன்றும் உண்மையா என்பதைக் குறிப்பைப் படித்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. நிரல் எதை அறிவதற்காக எழுதப்பட்டது என்பதையும் அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. கற்றதை ஒழுங்குபடுத்த விரும்புகிறவர் முதலில் செய்ய வேண்டியது, இவ்விரண்டையும் ஒரே கோப்புக்குள் கொண்டுவருவதுதான் என்று நான் கருதுகிறேன்.

நான் பினாங்கில், ஜார்ஜ் டவுனில், மளிகைப் பொருள்களை மொத்தமாக விற்கும் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மாதக் கடைசியில் விற்பனைப் பட்டியல்களைச் சரிபார்க்கும் வேலையை எளிதாக்கிக்கொள்ளப் பைத்தான் கற்கத் தொடங்கினேன். அக்கரையில், பிறையில் இருக்கும் என் தங்கை மகன் கல்லூரியில் கணினி படிக்கிறான். அவனும் பைத்தான் கற்பதால் இருவருக்கும் பொதுவாக ஒரு கோப்புறை வைத்திருக்கிறோம். அந்தக் கோப்புறையை நாங்கள் வளர்த்துவரும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். வேறு நிரல்மொழி கற்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

பாடநூல்கள் ஒரு மொழியை அதன் உறுப்புகளின் வரிசையில் கற்பிக்கின்றன: மாறிகள், எண்கள், சரங்கள் எனப்படும் எழுத்துத் தொடர்கள், பட்டியல்கள், அகராதிகள், செயற்கூறுகள், வகுப்புகள். முன்னது தெரியாமல் பின்னது விளங்காது என்பதால் கற்பிப்பதற்கு அந்த வரிசை நல்லது. ஆனால் வேலையின் நடுவே எழும் ஐயம் அத்தியாயத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ‘சரங்களைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?’ என்று யாரும் தம்மைக் கேட்டுக்கொள்வதில்லை. ‘வரிசைப்படுத்திய பிறகு என் பட்டியல் ஏன் காணாமல் போயிற்று?’ என்றுதான் கேட்கிறோம். எங்கள் கிடங்கில் சரக்குகளை லாரியில் வந்திறங்கிய வரிசையில் அடுக்குவதில்லை. கடைக்காரர்கள் எதை எதோடு சேர்த்துக் கேட்பார்கள் என்று பார்த்து அடுக்குகிறோம். குறிப்புகளும் நம்மிடம் வந்து சேர்ந்த வரிசையை விட்டுவிட்டு, பின்னால் நாம் எப்படித் தேடுவோமோ அதற்கேற்ப அமைய வேண்டும்.

ஆகவே எங்கள் கோப்புறையில் ஒவ்வொரு கோப்பின் பெயரும் ஒரு கேள்வியாக இருக்கிறது. ‘வரிசைப்படுத்தினால் பழைய பட்டியல் மாறுமா’ என்பது ஒன்று. ‘5 காசுக்கு எப்படி முழுமையாக்குவது’ என்பது மற்றொன்று. ‘அடையாள அட்டை எண்ணின் முதல் பூஜ்யம் எங்கே போகிறது’ என்று ஒன்று உண்டு. முதலாவது கோப்பில் இரண்டே எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. ‘சார்ட்’ என்னும் செயல் பட்டியலை இருந்த இடத்திலேயே மாற்றிவிட்டு, ‘நன்’ என்னும் வெறுமையைத் திருப்பித் தருகிறது. ‘சார்ட்டட்’ பழைய பட்டியலைத் தொடாமல் புதிய பட்டியல் ஒன்றைத் தருகிறது. ‘சார்ட்’ திருப்பித் தந்ததைப் பழைய பெயரிலேயே சேமித்தால் பட்டியல் போய் வெறுமை மட்டும் மிஞ்சும் என்பது இவ்விரண்டையும் அருகருகே பார்த்தவுடன் விளங்கிவிடும். பட்டியலைப் பற்றித் தெரிந்த மற்ற பத்து செய்திகளையும் அந்தக் கோப்பில் சேர்க்க எனக்கு ஆசை எழுவதுண்டு. ஆயினும் பெயரிலுள்ள கேள்விக்கு விடையாகாத எதையும் உள்ளே விடுவதில்லை என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். அந்தப் பத்துக்கும் உரிய கேள்விகள் எழும்போது அவற்றுக்குரிய கோப்புகள் தாமாகவே பிறக்கும்.

கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கிறோம். இன்றைய இயங்குதளங்களும் பைத்தானும் இதை ஏற்றுக்கொள்கின்றன. மாற்றங்களைப் பதிவுசெய்துவைக்க நாங்கள் பயன்படுத்தும் கிட் மட்டும், வேறு அமைப்பு செய்யாதவரை, தமிழ்ப் பெயர்களைப் பின்சாய்கோடுகளும் எண்களுமாகக் காட்டும். ‘கோர்.குவோட்பாத்’ என்னும் அமைப்பை அணைத்துவிட்டால் பெயர்கள் தமிழில் தெரியும். கோப்புறைக்குள் உட்கோப்புறைகளை அடுக்கிக்கொண்டே போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு கேள்வி எந்த உட்கோப்புறைக்கு உரியது என்று யோசிக்கும் நேரத்தில் அதைத் தேடியே எடுத்துவிடலாம்.

தேடலுக்கு உதவியாக ஒவ்வொரு கோப்பின் முதல் வரியிலும் சில சொற்களை, கணினி ஓட்டாமல் விட்டுவிடும் கருத்துரையாக எழுதிவைக்கிறோம். எங்கள் ஊரில் இதற்குத் தனித் தேவை உண்டு. ஒரு கடையின் விலைப்பட்டியலில் ‘ஜும்லா’ என்று மலாயில் தலைப்பு இருக்கும். இன்னொன்றில் ‘டோட்டல்’ என்று ஆங்கிலத்தில் இருக்கும். நானோ மனத்திற்குள் ‘மொத்தம்’ என்று நினைத்துக்கொண்டிருப்பேன். ஆறு மாதம் கழித்துத் தேடும்போது இம்மூன்றில் எது முதலில் நினைவுக்கு வரும் என்று சொல்ல முடியாது. ஆதலால் மூன்றும் முதல் வரியில் இருக்கின்றன.

ஒரு கோப்பு எப்படி வளர்கிறது என்பதைக் காட்ட, 5 காசு பற்றிய கோப்பைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா, 2008 ஏப்ரல் 1 முதல், கட்டணச் சீட்டின் மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 காசுக்கு முழுமையாக்கும் முறையைக் கொண்டுவந்தது. கடைசி இலக்கம் 1 அல்லது 2 என்றால் பூஜ்யத்துக்கு இறங்கும். 3 அல்லது 4 என்றால் 5-க்கு ஏறும். 6, 7 ஆகியவை 5-க்கு இறங்கும். 8, 9 ஆகியவை 10-க்கு ஏறும். தொகையைக் காசுகளாக, முழு எண்ணாக வைத்துக்கொண்டால், இந்த விதி முழுவதும் ஒரே வரியில் அடங்கிவிடும்:

(காசு + 2) // 5 * 5

இரட்டைச் சாய்கோடு, வகுத்து மீதியை விட்டுவிடும் செயல். மீதி 3 அல்லது 4 ஆக இருக்கும் தொகையோடு 2-ஐக் கூட்டினால் அது அடுத்த ஐந்தை எட்டிவிடும். மீதி 1 அல்லது 2 ஆனால் எட்டாது. மாறிக்குத் தமிழிலேயே ‘காசு’ என்று பெயர் வைத்திருப்பதைக் கவனியுங்கள்; பைத்தான் 3 இதை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. கோப்பில் இந்த வரிக்குக் கீழே 0 முதல் 10 வரையிலான எல்லாத் தொகைகளுக்கும் விடைகள் இருக்கின்றன. இரண்டு மூன்றை மட்டும் காட்டினால் போதாதா என்று கேட்கலாம். கடைசி இலக்கம் பத்து வகைதான். முழுவதையும் காட்டுவது இவ்வளவு எளிதாக இருக்கும்போது, மாதிரிக்குச் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவை சரியாகத்தான் இருக்கும் என்று நம்புவது வீண் சிக்கனம்.

அடுத்த எடுத்துக்காட்டு, முழுமையாக்குவது மொத்தத்துக்கா ஒவ்வொரு பொருளுக்குமா என்பது. ஒரு வெள்ளி (ரிங்கிட்) 2 காசு விலையுள்ள பொருள் மூன்றை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 3 வெள்ளி 6 காசு. அது 3 வெள்ளி 5 காசாகும். பொருள்வாரியாக முழுமையாக்கினால் ஒவ்வொன்றும் ஒரு வெள்ளியாகி, மொத்தம் 3 வெள்ளிக்கு இறங்கிவிடும். விதி மொத்தத் தொகைக்கு உரியது என்பதை ஒரு வாக்கியமாக எழுதிவைத்தால் அது மறந்துபோகலாம். இந்த 5 காசு வேறுபாட்டைக் கண்ணால் பார்த்தவருக்கு மறக்காது.

காசுகளாக ஏன் வைத்துக்கொள்ள வேண்டும், வெள்ளியிலேயே தசமப் புள்ளியோடு கணக்கிட்டால் என்ன என்ற கேள்வி இங்கே எழுகிறது. அது வேறு கேள்வி. ஆதலால் வேறு கோப்பு. அதில் 0.1 + 0.2 என்று கொடுத்தால் 0.30000000000000004 என்று வரும் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு இருக்கிறது. கணினி பின்னங்களை இரும முறையில் வைத்துக்கொள்கிறது. மூன்றில் ஒரு பங்கு தசம முறையில் முடிவில்லாமல் நீள்வதுபோல, பத்தில் ஒரு பங்கு இரும முறையில் முடிவில்லாமல் நீள்கிறது. எங்கோ ஓரிடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். பைத்தானுடனேயே வரும் ‘டெசிமல்’ கூறு இதற்கு ஒரு மாற்று. ஆனால் அதற்கு எண்ணைச் சரமாகக் கொடுக்க வேண்டும். தசம எண்ணாகக் கொடுத்தால் ஏற்கெனவே வெட்டப்பட்ட மதிப்புத்தான் உள்ளே போகும். 5 காசுக் கோப்பின் அடியில் இந்தக் கோப்பின் பெயர் மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. கோப்புகளுக்கு இடையே தொடர்பு காட்ட அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

இந்த முறையில் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுவது, நிரலை ஓட்டுவதற்கு முன்பே விடை என்னவாக இருக்கும் என்று எழுதிவிடுவதை. நிரலை ஓட்டி, வந்ததைப் பார்த்து, ‘ஆம், அப்படித்தான்’ என்று தலையசைப்பது மிக எளிது. வந்த விடை எதுவானாலும் மனம் அதற்கு ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்ளும். முன்கூட்டியே எழுதிவிட்டால் அதற்கு இடமில்லை. ‘ரவுண்ட்’ என்னும் செயற்கூறு இதற்கு நல்ல சான்று. 2.5-ஐ முழுமையாக்கினால் 3 என்பது பள்ளியில் கற்ற வழக்கம். பைத்தான் 3 தருவது 2. அதே செயற்கூறு 3.5-க்கு 4 தருகிறது. சரிபாதியில் நிற்கும் எண்களை எப்போதும் மேலே ஏற்றினால் நீண்ட பட்டியலின் கூட்டுத்தொகை சிறிது சிறிதாக மேல்நோக்கிச் சாயும் என்பதால், அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகும் முறையைப் பைத்தான் 3 பின்பற்றுகிறது. கோப்பில் எதிர்பார்ப்பு 3, வந்தது 2, காரணம் இன்னது என்று மூன்றும் இருக்கும்போது, எதிர்பார்ப்புக்கும் விடைக்கும் இடையிலுள்ள தூரமே அன்று கற்றுக்கொண்டதன் அளவாகிறது. எதிர்பார்த்தபடியே விடை வந்த கோப்புகளும் தேவைதான். ஆனால் நான் திரும்பத் திரும்பத் திறப்பவை மாறி வந்தவற்றையே.

எழுதிய எதிர்பார்ப்பைக் கணினியே சரிபார்க்கும் வசதி பைத்தானில் உண்டு. ‘டாக்டெஸ்ட்’ என்னும் கூறு 2001-இல் வெளிவந்த 2.1 பதிப்பிலிருந்தே மொழியுடன் வருகிறது. விளக்கவுரையின் நடுவே >>> என்ற குறியோடு ஒரு வரியையும் அதன் கீழே வரவேண்டிய விடையையும் எழுதிவைத்தால், அது அந்த வரியை ஓட்டி, வந்த விடையை எழுதிய விடையோடு ஒப்பிடும். எல்லாம் பொருந்தினால் ஒரு சொல்லும் பேசாது. பொருந்தாவிட்டால் எதிர்பார்த்தது இது, வந்தது இது என்று இரண்டையும் காட்டும். மனிதர் படிக்கும் குறிப்பும் கணினி சோதிக்கும் நிரலும் ஒரே உரையாக இருப்பதால், கற்பவருக்கு இதைவிடப் பொருத்தமான கருவி வேறொன்று எனக்குத் தெரியவில்லை. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது அதன் இயல்பு என்பதை மட்டும் மனத்தில் கொள்ள வேண்டும். பைத்தானில் ‘செட்’ எனப்படும் கணம் என்னும் வகையில் உறுப்புகளின் வரிசை நிலையானதல்ல. அதை அப்படியே அச்சிட்டால் இன்று பொருந்தியது நாளை பொருந்தாமல் போகலாம். வரிசைப்படுத்திவிட்டு அச்சிடுவது நல்லது.

எடுத்துக்காட்டுக்கான தரவுகளை நாமே கற்பனையாக உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்பதை நான் வலியுறுத்திச் சொல்வேன். அலுவலகப் பட்டியலிலிருந்து இரண்டு வரிகளை வெட்டி ஒட்டுவது விரைவான வழிதான். ஆனால் கற்கும் கோப்புறை பலரோடு பகிரப்படும், இணையத்தில் ஏற்றப்படும், பழைய கணினிகளில் தங்கிவிடும். மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், நம்மை நம்பித் தந்த அடையாள எண் நம் பயிற்சிக்கான பொருள் ஆகிவிடாது.

கற்பனைத் தரவுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: சிக்கலான இடத்தைத் தேர்ந்தெடுத்து உருவாக்கலாம். அடையாள அட்டை எண் 12 இலக்கங்கள் கொண்டது. முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த மாநிலத்தைக் காட்டும். பினாங்கில் பிறந்தவர் பலருக்கு அது 07, கோலாலம்பூரில் பிறந்தவர் பலருக்கு 14. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். இதை எண் என்று கருதிப் படித்தால், 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண்ணில் முதலிலுள்ள பூஜ்யம் மறைந்துவிடும். ஆகவே கூட்டவோ கழிக்கவோ போகாத எதையும் சரமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். பினாங்கின் தொலைபேசிக் குறியீடான 04-க்கும் இதே நிலைதான்.

இரண்டு இலக்க ஆண்டு இதைவிடச் சுவையானது. பைத்தானில் தேதிச் சரத்தைப் பிரிக்கும்போது இரண்டு இலக்க ஆண்டைக் கொடுத்தால் 69 முதல் 99 வரை 1900-களாகவும், 00 முதல் 68 வரை 2000-களாகவும் எடுத்துக்கொள்ளும். 1955-இல் பிறந்த பெரியவர் ஒருவர் 2055-இல் பிறக்கப்போகிறவராகிவிடுவார். நிரல் எந்தப் பிழையும் காட்டாது. கணக்கு மட்டும் தவறாக இருக்கும். 68, 69 ஆகிய இரண்டு ஆண்டுகளையும் வைத்து எழுதிய எடுத்துக்காட்டு இதை உடனே வெளிக்கொணர்கிறது. அலுவலகத் தரவில் அந்த வயதினர் இருக்கிறார்களா என்று தேடிக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாமலே போயிருக்கலாம்.

தமிழ் எழுத்துகளைக் கையாளும் பகுதிதான் எங்கள் கோப்புறையில் எனக்கு மிகவும் பிடித்தது. தமிழ் அறிந்தவர் எழுதினாலொழிய இந்தக் கேள்விகள் வேறு எங்கும் பதிவாகாது. ‘பினாங்கு’ என்னும் சொல்லின் நீளம் என்ன என்று பைத்தானைக் கேட்டால் 8 என்கிறது. நமக்கு அது பி, னா, ங், கு என நான்கு எழுத்து. எழுத்துகளுக்கு எண் தரும் பொது முறையான யூனிகோடில் உயிர்மெய்க்குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியெண்கள் பெற்றிருப்பதால் அவையும் எண்ணப்படுகின்றன. ‘யூனிகோட்டேட்டா’ என்னும் கூறு ஒவ்வொரு குறியெண்ணும் எந்த வகையைச் சேர்ந்தது என்று சொல்லும். சார்புக் குறிகளின் வகைப்பெயர் எல்லாம் ‘எம்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குவதால், அவற்றை விட்டுவிட்டு எண்ணினால் 4 என்ற விடை கிடைக்கும். ‘க்ஷ’ போன்ற கூட்டெழுத்துகளுக்கு இது போதாது. அதற்கும் ஓர் எடுத்துக்காட்டை அதே கோப்பில் வைத்திருக்கிறோம்.

வரிசைப்படுத்துவதில் இன்னும் நுட்பம் உண்டு. பொருள்பட்டியலில் ‘பருப்பு’, ‘பனங்கற்கண்டு’ என்ற இரண்டையும் கொடுத்துப் பைத்தானிடம் வரிசைப்படுத்தச் சொன்னால் பனங்கற்கண்டை முதலில் வைக்கிறது. நம் அகராதிகளில் பருப்புத்தான் முதலில் வரும். ஏனெனில் தமிழ் நெடுங்கணக்கில் ‘ன’ கடைசி எழுத்து. யூனிகோடில் ‘ன’, ‘ந’வுக்கு அடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. ற, ழ, ள ஆகியவையும் நெடுங்கணக்கின் வரிசையில் இல்லை. புள்ளி பெற்ற மெய் அகராதியில் உயிர்மெய்க்கு முன்னே வருவது. குறியெண் வரிசையிலோ பின்னே தள்ளப்படுகிறது. பதினெட்டு மெய்களின் முறையை ஒரு சரமாக எழுதி, ஒவ்வோர் எழுத்துக்கும் அதில் உள்ள இடத்தைத் திறவுகோலாகக் கொடுத்து வரிசைப்படுத்தும் எடுத்துக்காட்டு இந்தக் கோப்பில் படிப்படியாக வளர்ந்தது.

‘கொத்தமல்லி’ பற்றியும் ஒரு கோப்பு உண்டு. ‘கொ’வின் கொம்பையும் காலையும் ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒப்பிட்டால் பைத்தான் இரண்டும் வேறு என்கிறது. ‘நார்மலைஸ்’ என்னும் செயற்கூறின் வழியே இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிட வேண்டும். வெவ்வேறு விசைப்பலகைகளில் தட்டச்சு செய்த பட்டியல்களைச் சேர்க்கும் எவருக்கும் இது தேவைப்படும். நம் குறிப்புகளிலேயே தமிழில் தேடுகிறவர்களுக்கும் தேவைப்படும்.

பிழைச் செய்திகளுக்கு மட்டும் பெயரிடும் முறையைச் சற்று மாற்றிக்கொண்டோம். நிரல் நின்றுபோகும்போது பைத்தான் காட்டும் நீண்ட உரையின் கடைசி வரியில் பிழையின் வகையும் காரணமும் இருக்கும். அந்த வரியை ஒரு சொல்லும் மாற்றாமல், வந்த மொழியிலேயே, கோப்பின் முதல் வரியாக ஒட்டிவைக்கிறோம். அடுத்த முறை அதே பிழை அதே சொற்களில்தான் வரும் என்பதால் தேடினால் கிடைத்துவிடும். எக்செல்லில் யுடிஎஃப்-8 என்னும் எழுத்துக் குறிமுறையில் சேமித்த, காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி கோப்பைத் திறந்து, கண்ணுக்கு முன்னே இருக்கும் முதல் நெடுவரிசையின் பெயரைக் கேட்டால், அப்படி ஒரு பெயரே இல்லை என்று ‘கீ எரர்’ வருவதுண்டு. கோப்பின் தொடக்கத்தில் எக்செல் வைக்கும் கண்ணுக்குத் தெரியாத குறி அந்தப் பெயரோடு ஒட்டிக்கொள்வதுதான் காரணம். ‘யுடிஎஃப்-8-சிக்’ என்று குறிமுறையைக் கொடுத்துத் திறந்தால் தீர்ந்துவிடும். காரணத்தை ஒருமுறை எழுதிவைத்தவருக்கு இது ஒரு நிமிட வேலை.

நிரலைக் கட்டம் கட்டமாக எழுதி ஓட்டிப் பார்க்க உதவும் ஜுப்பிட்டர் நோட்புக்கில் கற்பவர்கள் பலர். விளக்கமும் நிரலும் விடையும் ஒரே பக்கத்தில் இருப்பது அதன் பெரும் வசதி. ஆனால் அதிலுள்ள கட்டங்களை எந்த வரிசையிலும் ஓட்டலாம்; அழித்துவிட்ட கட்டத்தில் உருவான மாறி நினைவகத்தில் தங்கியிருக்கும். பக்கத்தில் தெரிவது ஒன்றும் உள்ளே நடப்பது ஒன்றுமாக இருக்கும் குறிப்பைப் பாதுகாத்துவைப்பதில் பொருளில்லை. அதைச் சேமிக்கும் முன் மறுதொடக்கம் செய்து, மேலிருந்து கீழ்வரை முழுவதும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆராய்ந்து பார்ப்பதற்கு நான் நோட்புக்கையும், வைத்துக்கொள்வதற்குச் சாதாரண உரைக்கோப்பையும் பயன்படுத்துகிறேன்.

இருவர் ஒரே கோப்புறையைப் பகிர்வதால் கிடைக்கும் பயனை அண்மையில் நன்றாக உணர்ந்தேன். என் தங்கை மகன் 5 காசுக் கோப்பைப் பார்த்துவிட்டு, “மாமா, சரக்கு திரும்பி வந்தால் பணத்தைக் கழித்துக் கொடுப்பீர்களே, அப்போது தொகை எதிர்மறையாக வருமே, இந்த வரி அதற்கும் சரியாக இருக்குமா?” என்று கேட்டான். “நீயே எதிர்பார்ப்பை எழுதிவிட்டு ஓட்டிப் பார்” என்றேன். எதிர்மறை 3 காசுக்கு அருகிலுள்ள ஐந்து எதிர்மறை 5. பைத்தான் அதையே தந்தது. கல்லூரியில் அவனுக்கு ஜாவா பாடமும் இருக்கிறது. அதே வரியை ஜாவாவில் எழுதி ஓட்டியபோது பூஜ்யம் வந்தது. எதிர்மறை 1-ஐ 5-ஆல் வகுக்கும்போது பைத்தானின் இரட்டைச் சாய்கோடு கீழ்நோக்கி இறங்கி எதிர்மறை 1 தருகிறது. ஜாவாவும் சி மொழியும் பூஜ்யத்தை நோக்கி வெட்டுகின்றன. கணக்குப் பிரிவில் இருக்கும் எனக்கு ஜாவாவில் ஓட்டிப் பார்க்கத் தோன்றியிராது; அவனுக்குத் திரும்பி வரும் சரக்கைப் பற்றிய நினைவு என் வேலையைப் பார்த்துத்தான் வந்தது. ‘எதிர்மறை எண்ணை வகுத்தால் எந்தப் பக்கம் சாயும்’ என்னும் புதிய கோப்பு அன்றே உருவாயிற்று. அதில் இரண்டு மொழிகளின் விடைகளும் இருக்கின்றன.

பிறர் எழுதிய நிரலை எடுத்துவைக்கும்போது, அது எங்கிருந்து வந்தது என்ற முகவரியை அதே கோப்பில் எழுதுவதும், மாறிகளின் பெயர்களை மாற்றி நாமே மறுபடி தட்டச்சு செய்வதும் எங்கள் வழக்கம். வெட்டி ஒட்டிய நிரலில் கேள்வி நம்முடையதாக இருப்பதில்லை. அலுவலக வேலையில் நாள்தோறும் பயன்படும் அளவுக்கு ஓர் எடுத்துக்காட்டு முதிர்ந்துவிட்டால், அதைக் கோப்புறையிலிருந்து எடுத்து, வேலைக்குரிய நிரல்களோடு சேர்த்துவிடுகிறேன். கற்பதற்கான கோப்பு சுருக்கமாக, ஒன்றை மட்டும் காட்டுவதாக இருக்க வேண்டும். வேலைக்கான நிரல் விடுபட்ட வரி, வெற்றுக் கட்டம், தவறான தேதி ஆகிய அனைத்தையும் தாங்க வேண்டும். இரண்டையும் ஒரே கோப்பில் வைத்தால் இரண்டும் கெடும்.

ஒவ்வொரு கோப்பிலும் பைத்தானின் பதிப்பு எண் இருக்க வேண்டும். இணையத்தில் இன்றும் கிடைக்கும் பழைய விளக்கங்கள் பல, 2020 ஜனவரி 1-உடன் ஆதரவு முடிந்துபோன பைத்தான் 2-க்கு உரியவை, அதில் 2.5-ஐ முழுமையாக்கினால் 3.0 வரும். பைத்தானின் அகராதி வகையில் உறுப்புகளைச் சேர்த்த வரிசை காக்கப்படாது என்று சொல்லும் பக்கங்களும் உண்டு. 2018-இல் வந்த 3.7 பதிப்பு முதல் அந்த வரிசை உறுதியளிக்கப்பட்டிருக்கிறது. இரு கூற்றுகளும் தத்தம் காலத்தில் உண்மையே. பதிப்பு எண் இல்லாத குறிப்பால் இவற்றுள் எதை நம்புவது என்று சொல்ல முடியாது.

இப்போது பைத்தானின் புதிய பதிப்பு ஆண்டுக்கு ஒருமுறை, அக்டோபரில் வெளியாகிறது. அதை வீட்டுக் கணினியில் நிறுவியவுடன் நான் செய்யும் முதல் வேலை, கோப்புறை முழுவதையும் டாக்டெஸ்டில் ஓட்டுவது. பேசாமல் முடிந்தவற்றைத் தொடுவதில்லை. பொருந்தாத கோப்பில் பழைய விடையைப் பதிப்பு எண்ணோடு கருத்துரை வரிக்கு மாற்றிவிட்டு, சோதிக்கப்படும் இடத்தில் புதிய விடையை எழுதுகிறேன். பழையதை அழிப்பதில்லை, அலுவலகக் கணினியில் இருப்பது வீட்டில் இருப்பதைவிட முந்தைய பதிப்பு, மாதக் கடைசிக் கணக்கு அதில்தான் ஓடுகிறது.